கிழக்கு: கடல்

ஒரு நாளைக்கு ஆறு லோட்.
வெள்ளிக்கிழமை நாலு.
டாஷ்போர்ட்டில் தீப்பெட்டி வைத்திருந்தேன்,
லோட்டுக்கு ஒரு குச்சி ஒடித்துப் போட.
கணக்குப்பிள்ளையை நம்பாத காலம்.
எட்டு மாதத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குச்சி.

மலைக்கு வரைபடத்தில் என்ன பெயரோ.
கடலுக்குப் போகிறவர்கள் படுத்தெருமை என்பார்கள்.
வயலில் நின்று பார்த்தால் வெறும் பாறை.
ஆறு பாகம் தண்ணீருக்கு அப்பால் போய்த்
திரும்பிப் பார்த்தால்தான்
கொம்பு, தோள், முதுகு எல்லாம் வரும்.

தங்கேஸ்வரன் துளை போடுவான்,
காதில் பஞ்சு, வாயில் வெற்றிலை.
மருந்து வெடித்ததும் கொக்குகள் எழும்பி
அதே வரம்பில் மறுபடி இறங்கும்.
புழுதி அடங்கமுன் டிப்பரைக் கிறுக்குவேன்.
அட்டாளைச்சேனையில் ஒரு பிளேன்டீ,
பாலமுனை கழிய ஒலுவில்.

கடலுக்குள் இரண்டு கை நீட்டிக் கட்டினார்கள்.
அந்தக் கைகளுக்கு எலும்பு வைத்தவன் நான்.
நான் மட்டுமில்லை, நாற்பது டிப்பர்;
தீப்பெட்டி மட்டும் என்னுடையது.

கடல் கோபப்பட்டது என்று சொன்னால் பொய்.
அது வழக்கம்போல் தெற்கே மண்ணை எடுத்து
வடக்கே நடந்தது. கல்லில் முட்டியது.
சுமையை அங்கேயே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு சுற்றிப் போய்
வடக்குக் கரையில்
பசிக்குத் தின்றது.

முதலில் வாடி. மறுகா தென்னைகள்,
வேரைக் காட்டிக்கொண்டு ஒரு மாதம் நின்று.
மறுகா ஆதம்பாவா மச்சானின் கக்கூசு.
அதற்கு மட்டும் எல்லாரும் சிரித்தார்கள்.
கிணறு போனபோது ஒருவரும் சிரிக்கவில்லை.
சுற்றி மண் போய்
சீமெந்து வளையங்கள் தனியே நின்றன,
உள்ளே நல்ல தண்ணீர், வெளியே உப்பு,
ஒரு பகல் முழுக்க.
அந்த வளையங்கள் என் லோட் காசு.
தங்கச்சி பல்கீசுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

தெற்கே போனால் புதுமணல்,
ஒருவரிடமும் உறுதியில்லாத வெள்ளை நிலம்.
பொடியன்கள் விக்கெட் நட்டிருந்தார்கள்.
மச்சானின் வளவுக்கு வரவேண்டிய மண்ணில்
யாரோ ஒருவன் சிக்சர் அடித்தான்.

அளவையாளர் வந்தார், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி.
பல்கீஸ் உறுதியை நீட்டினாள், பொலித்தீன் உறையோடு.
வடக்கு: சீனித்தம்பி வளவு.
தெற்கு: ஒழுங்கை.
மேற்கு: தெரு.
கிழக்கு: கடல்.
முழங்கால் தண்ணீரில் நின்று நாலையும் வாசித்து
"எழுத்தில் பிழையில்லை" என்றார்.

மச்சானின் வழக்கு வேறு.
படுத்தெருமையின் தோளைப் பள்ளி மினாராவோடு
ஒரே கோட்டில் பிடித்தால்
கீழே கல்லுப்பார், பாருக்குள் மீன்.
"தோள் எங்கடா?" என்றார்.
"மூணு நாள் வெறும் வலை.
மாட்ட ஆருடா அறுத்த?"
நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன்,
ஆறிப்போன பிறகும்.

இப்போது வடக்குக் கரைக்கும் கல் போடப்போகிறார்களாம்.
டிப்பர் தேடுகிறார்கள்.
நேற்றுக் குவாரிக்குப் போனேன்.
தோள் இருந்த இடத்தில் பள்ளம்,
பள்ளத்தில் மழைத்தண்ணீர், பச்சையாய், அடி தெரியாமல்.
ஓரத்தில் எருமைகள், உயிருள்ள எருமைகள்,
கழுத்தளவு படுத்திருந்தன.
பின்னால் முதுகு இன்னும் கொஞ்சம் மிச்சம்.

திரும்பி வந்து துறைமுகக் கல்லில் ஏறினேன்.
ஒரு கல்லில் தங்கேஸ்வரனின் துளை,
பாதியாய்ப் பிளந்து, விரல் வைத்தால்
வழுக்கிக்கொண்டு போகும் நேர்க்கோடு.
அதற்குள் ஒரு நண்டு.
என்னைக் கண்டு ஒதுங்கவில்லை.
கொடுக்கை உயர்த்தி வாசலில் நின்றது,
வளவுக்காரன் மாதிரி.

புதுத் தீப்பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன்.
இன்னும் உடைக்கவில்லை.