முகத்துவாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்

திங்கள், காலை ஆறே கால். பழவேற்காடு.
ஓதம் திரும்பி ஒரு மணி நேரம்.
தேசம்மா நங்கூரத்தை இறக்குகிறாள்,
கயிற்றில் கட்டிய பழைய கிரைண்டர் கல்.
உப்பு: இருபத்தெட்டு.

ஏரியின் உப்புக்கு என் நோட்டில்
மசி ஊறிய ஒரே ஒரு வரி:
முப்பத்திரண்டு,
கழித்தல் மூன்று மடங்கு தூரம்,
கூட்டல் தூரத்தை நேரத்தால் பெருக்கியது.
ஏரி இவ்வளவு சாதுவானதில்லை, தெரியும்.
இந்த மூலைக்கு, இந்த வாரத்துக்குப் போதும்.

ஒன்றை அசையவிடு, மற்றதை மாறிலி என்று வை.
வை என்பது தேர்வுத்தாளில் ஒரு சொல்.
இங்கே பதினெட்டு கிலோ,
சேற்றில் புதைந்து படகைப் பிடித்திருக்கிறது.
தூரம் இரண்டு. இரண்டு. இன்னும் இரண்டேதான்.
பாசியும் ஒற்றை ஹவாய் செருப்பும்
எங்களைத் தாண்டி உள்ளே போகின்றன.
ஏழே காலுக்கு உப்பு முப்பது.
நேரத்தைப் பொறுத்து வகையிட்டால்
மிஞ்சுவது தூரம் மட்டும்:
மணிக்கு இரண்டு ஏற்றம்.

ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தும்.
செவ்வாய், ஏழு ஐந்து.
இன்று நேரத்தை நிறுத்த வேண்டும்.
அதற்கு எந்தக் கல்லைக் கட்டுவது?
அடுத்த கிலோமீட்டருக்குத் துடுப்பு போடுவதற்குள்
இருபது நிமிடம் கரைந்துவிடும்.

அதனால் இன்னொரு படகு, இன்னொரு அளவி.
வடக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி
திருப்பாலு போனில் கத்துகிறான்: "இப்புடே!"
நான் இங்கே: "இப்போ!"
இரண்டு மொழிக்கும் நடுவில்
ஒரு நொடி நின்றது.
இங்கே இருபத்தெட்டு, அங்கே இருபத்தாறு.
தூரத்தைப் பொறுத்து:
கழித்தல் மூன்று, கூட்டல் நேரம்.
நேரம் ஒன்று. ஆகவே கழித்தல் இரண்டு.

இடுப்பளவு நீரில் இறால் தடவும் பெண்கள்.
பற்களில் கவ்விய ஓலைப்பறி,
கண் எங்கோ, விரல்கள் மட்டும் சேற்றில்.
பகுதி வகைக்கெழுவுக்கு
டி ஏன் முதுகு வளைந்தது என்று
நான் யாரையும் கேட்டதில்லை.
இனிக் கேட்கவும் மாட்டேன்.

புதன், ஏழு ஐம்பத்தைந்து.
அதே இடம், அதே இருபத்தெட்டு.
கல்லைத் தூக்கச் சொன்னேன்.
துடுப்பு வேண்டாம், நீர் போகிற போக்கில் போகட்டும்.
மணிக்கு ஒரு கிலோமீட்டர்,
செருப்பு போன வேகம்.

ஐந்து நிமிடம். இருபத்தெட்டு.
பத்து நிமிடம். இருபத்தெட்டு.
தேசம்மா அளவியின் முதுகில் தட்டுகிறாள்:
"பேட்டரி செத்துப்போச்சா, பாரு."

இல்லை தேசம்மா.
நேரம் இரண்டு ஏற்றுகிறது,
தூரம் இரண்டு இறக்குகிறது,
நாம் ஏறி உட்கார்ந்திருப்பது
ஒரே தண்ணீரின் மேல்.
(இதை நான் சொல்லவில்லை. பேட்டரியைக் கழற்றித்
துடைத்து, மறுபடி போட்டேன்.)

பைக்குள் போன் அதிர்ந்தது:
ஆந்திரப் பிரதேசம் தங்களை வரவேற்கிறது,
ரோமிங் கட்டணம் கிடையாது.
அளவியைப் பார்த்தேன்.
இருபத்தெட்டு.