வீண்: ஏழு

ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
என் நீலப் பெட்டியைக் கண்டு
ஒரு பொடியன் கேட்டான்:
"அன்ரி, ஐஸ்பழம் என்ன விலை?"
ஐஸ் இருக்கு, பழம் இல்லை என்றேன்.
மரியநேசன் சிரித்தபடி கயிற்றை அவிழ்த்தார்.

எழுவைதீவுக்குப் போகும் படகில்
வெங்காய மூட்டை, காஸ் சிலிண்டர்,
பென்சன் எடுத்துத் திரும்பும் இருவர்,
என் மடியில் கொஞ்சம் குளிர்.
இரண்டு பாகையிலிருந்து எட்டு வரை.
அதற்கு மேல் ஏறினால்
குப்பிக்குள் இருப்பது வெறும் தூள்.
ஒவ்வொரு அலைக்கும் மூடியை அழுத்தினேன்,
அலையால் வெப்பமானிக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும்.

நிறுக்க வந்த கைக்குழந்தைகள் ஆறு.
சின்னமுத்து ஊசிக்கு வயது வந்தது ஒன்றுமில்லை.
கடைசியாக ஜெசிந்தா வந்தாள்,
இடுப்பில் நாலு வயது அபிஷா,
பொலித்தீன் பையில் ஓர் அட்டை.

மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை.
இவர்கள் திரும்பி வந்த இரவில்
படகின் அடியில் நின்ற தண்ணீர்
எங்களுக்கு முன் அதை வாசித்துவிட்டது.
எழுத்தெல்லாம் நீலப் புகை.
ஒன்பதாம் மாதத்துக்கு நேரே
ஒரு கையொப்பத்தின் வால் மட்டும் மிச்சம்.
அக்கரையில் யாரோ ஒரு தாதி,
அவசரத்தில் இழுத்த வால்.

"ரெண்டாவது போட்டதோ?"
"போட்டது எண்டுதான் நினைக்கிறன் மிஸ்.
அது போலியோச் சொட்டோ தெரியாது."

நினைப்பதை எழுதப் பதிவேட்டில் இடமில்லை.
தெரியாவிட்டால் போடு, அது விதி.
ஆனால் குப்பி பத்துப் பேருக்கு.
தூளில் நீர் கலந்தால் ஆறு மணித்தியாலம்,
பிறகு எல்லாம் குப்பை.
பணிமனையில் யாரும் தடுத்ததில்லை.
மாத முடிவில் வீண் என்ற நிரலைப் பார்த்து
ஒரு சின்ன இருமல் இருமுவார்கள்,
அவ்வளவுதான்.
அடுத்த மாதம் வா என்று சொல்லலாம்.
அடுத்த மாதம் வாடைக் காற்று.
படகு ஓடுமோ என்னவோ.

சின்னமுத்து.
இந்தக் கடற்கரையில் யார் அதற்கு
முத்து என்று பேர் வைத்தது?
படிக்கிற காலத்தில் வார்ட்டில் ஒரு பிள்ளையைக் கண்டேன்.
கண் சிவந்து,
கன்னத்தின் உட்புறம் உப்புப் பரல் போல் வெள்ளை,
வலையில் பட்ட மீனின் செவுளாக மூச்சு.
அடுத்த நாள் பேர் கேட்கப் போனேன்.
கட்டிலுக்கு வேறு விரிப்பு விரித்திருந்தார்கள்.

கரைநீர்க் குப்பியின் கழுத்தை உடைத்தேன்.

அபிஷா உடனே அழவில்லை.
ஊசி வெளியே வந்த பிறகு
கொஞ்சம் யோசித்து,
பிறகுதான் பெரிதாக அழுதாள்.
மணி பத்தேகால்.
மிச்சம் ஒன்பது.

ஐஸ் பைகளுக்கு நடுவே குப்பியை வைத்துச்
சுகந்தினியின் சைக்கிளில் தீவைச் சுற்றினோம்.
கோவிலடியில் ஒரு மூன்று வயது, மூக்குச் சளி.
சளியென்றால் போடலாம் என்று
தாயோடு படலையில் கால்மணி நேரம்.
வாடியில் திகதி தப்பிய இன்னொன்று,
நண்டுக் கூட்டுக்குப் பின்னால் ஒளிந்தது.
காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.
அதற்குப் பிறகு பனங்காணி,
பூட்டிய வீடுகள்,
கனடாவுக்குப் போனவர்களின் நாய்.

ரெண்டரைப் படகில் மரியநேசன் கேட்டார்,
"எத்தினை பிடிச்சனீங்கள்?"
"மூண்டு."
"எனக்கும் விடியப்புறம் பாடு சரியில்லை."

பணிமனையில் வீண் நிரலில்
ஏழு என்று எழுதினேன்.
பக்கத்தில் வாரப் படிவம்.
சின்னமுத்து நோயாளர்: இல்லை.
இல்லாததற்கும் திகதி வேண்டும், ஒப்பம் வேண்டும்.
அது மாகாணத்துக்குப் போகும், கொழும்புக்குப் போகும்,
அங்கிருந்து தில்லியில் ஏதோ ஒரு மேசைக்கு.
அங்கே பல நாடுகளின் இல்லைகளை
அடுக்கிக் கூட்டுவார்களாம்.

என் ஒப்பமும் வால் நீண்டதுதான்.
இன்றைக்குத்தான் கவனித்தேன்.
அக்கரைக்காரிக்கும் இது
இல்லை என்று எழுத முடிகிற
வாரமாக இருக்கட்டும்.