மேல்விலங்கு

உறுதியில் இவர் சவிரிமுத்து.
மண்டபம் முகாமில் செத்தபின் தந்த தாளில் சவரிமுத்து.
ஒரு மேல்விலங்கு குறைகிறது.

இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு
அத்தாட்சி கேட்கிறாராம்
மன்னார்க் காணிக் கந்தோர் எழுதுவினைஞர்.
போனில் சொன்னவன் கொழுந்தன் பிலேந்திரன்,
போன வருஷம் ஊர் திரும்பியவன்.
எங்கள் வளவுக்கு எதிரே
வாடகைக்கு இருக்கிறான்.

வடக்கே கடல். கிழக்கே பிகிராடோவின் காணி.
தெற்கே ஒழுங்கை. மேற்கே மூன்று பனை.

பனைகளைத் தறித்துக்
காவலரணுக்கு அடுக்கிவிட்டார்கள்.
பிகிராடோ ஆட்கள் பிரான்சில்.
ஒழுங்கை முள்கம்பிக்கு உள்ளே.
சாட்சிக்குக் கடல்தான் மிச்சம்;
அதுவும் பத்தடி நகர்ந்துவிட்டதாம்.

இங்கே எனக்குப் பத்துக்குப் பத்து.
நடுவில் சேலை தொங்கவிட்டு
மகனுக்கும் மருமகளுக்கும் பாதி.
காற்று அடித்தால் எல்லை அசையும்.

இன்று கணக்கெடுப்பு.
ஆள் நேரில் நிற்க வேண்டும், அட்டையோடு.
என் முறை வந்ததும் சொன்னேன்:
ஐயா, ஒரு எழுத்துத் திருத்த வேணும்.
"எந்த எழுத்து?"
வகரத்தை வி ஆக்க வேணும்.
ஆர்.ஐ. சிரித்தார்.
"இதுக்காம்மா? கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணுதானே!"
அரை ஏக்கர், ஐயா, என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு
மனு எழுதச் சொன்னார்.
தாலுகா ஆபீஸ், அங்கிருந்து ராமநாதபுரம்,
அங்கிருந்து சென்னை, பிறகு தூதரகம்.
படகில் ஒரு ராத்திரி. வரும்போது அவ்வளவுதான் ஆனது.

உடைமர நிழலில் குந்தி எழுதினேன்.
அனுப்புநர்: செ. எமிலியானா.
க/பெ என்று போட்டதும் கை நின்றது.
இவரை எழுதவா,
தாளில் இருப்பவரை எழுதவா?
பின்னால் நின்ற ஜெனோவா
பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.