முப்பத்து நான்கில் ஒன்று

மாதிரி தந்தவர்கள் ஆய்வகம் பார்க்க வரும் நாள்.
சாந்தியாகோவில் மழை.
டெல்மீரோவின் கையில் ஈரத்துணிப் பொட்டலம்,
வரவேற்பு மேசைமேல் கடல் சொட்டுகிறது.
ஒரு கிலோ கொட்டலசு.
"என் குடலில் ஒரு சாண் உங்களிடம் இருக்கிறதாமே,
இதையும் வைத்துக்கொள்ளுங்கள்."

எனக்கு அவரை எண்ணாகத்தான் தெரியும்:
நானூற்றுப் பதினேழு.
உறைபெட்டியில் ஒரு துணுக்கு,
கணினியில் முந்நூறு கோடி எழுத்து.
எண்ணுக்கு மீசை இருக்கும் என்று நினைக்கவில்லை.

மனைவி எர்மிந்தா நேராகக் கேட்டாள்:
"எது?
புகையிட்ட பன்றியா, என் தம்பி காய்ச்சும் சாராயமா,
குளிர்பாறையில் முப்பது வருஷம் உட்கார்ந்ததா?
யார்மேல் பழி போடுவதென்று சொல்லுங்கள்,
வீட்டில் ஒரு முடிவு வேண்டும்."

திரையைத் திருப்பினேன்.
ஆறாயிரம் எழுத்தில் ஒரு பத்தி.
இருபத்திரண்டாம் குரோமோசோமில் பூர்வீகம்.
இதன் உறவுகள் நமக்குள் ஐந்து லட்சம்,
பெரும்பாலும் பிணங்கள்.
நூறு போலத்தான் இன்னும் மூச்சுவிடுகின்றன;
அவற்றின் வாசலில் செல் பூட்டுப் போட்டு வைத்திருக்கும்.
குடல்சுவரின் குழிகளில் வயதாக ஆகச் சில பூட்டுகள் துருப்பிடிக்கின்றன.

கூடு விட்டுக் கூடு பாய்வது என்பார்கள்.
இது கூட்டை விடாமலே பாய்வது.
இருந்த இடத்தில் இருந்தபடி
தன்னைப் படியெடுத்து அனுப்பும்.
படி, கத்தியைக் கையோடு கொண்டுவரும்.
இழையில் ஒரு கீறல்.
கீறலில் முதலில் நுழைவது வால்:
ஏ ஏ ஏ ஏ ஏ ஏ என்று
அக்கரையில் யாரையோ கூப்பிடுவதுபோல் நீளும் வால்.
அங்கிருந்து தலைநோக்கி எழுதிக்கொண்டே போய்
பாதியில் களைத்துவிடும்.
ஆகவே குடியேறுபவை பெரும்பாலும் தலையற்றவை.
தலையற்றது மறுபடி பாயாது.

டெல்மீரோ முதல்முறையாகச் சிரித்தார்.
"எங்களதற்கு நேரெதிர்.
கொட்டலசுக் குஞ்சு கடலெல்லாம் நீந்தும்.
ஒருநாள் தலையைப் பாறையில் ஒட்டிக்கொள்ளும்,
அவ்வளவுதான்,
ஆயுளுக்கும் காலால்தான் சாப்பாடு.
நான் வந்து கம்பியால் நெம்பும்வரை."

"உங்கள் கட்டியில் முப்பத்து நான்கு இறங்கியிருக்கின்றன" என்றேன்.
"முப்பத்து மூன்று, பொட்டல்வெளியில்.
ஒன்று மட்டும் ஏபிசி என்ற மரபணுவின் நடுவில்.
பெயர் அரிச்சுவடி மாதிரி. வேலை காவல்.
'இனிப் பெருக வேண்டாம்' என்பது அதன் வாக்கியம்.
கடைசிச் சொல்லின்மேல் வந்து விழுந்திருக்கிறது தலையற்றது.
'இனிப் பெருக'
என்பதோடு குரல் நின்றுவிட்டது.
அதன் ஜோடிப் பிரதியும் எப்போதோ ஓரெழுத்தில் கெட்டிருந்தது."

"எப்போது விழுந்தது?"

"தெரியாது. கட்டிக்கு வெகு முன்னால்.
இருபது வருஷம் இருக்கலாம்."

எர்மிந்தா விரல்விட்டு எண்ணினாள்.
"பழைய படகை விற்ற வருஷம்.
அன்றைக்கு ஏதாவது வலித்ததா உனக்கு?"

"முழங்கால்" என்றார் டெல்மீரோ.

"வெளியிலிருந்து வந்ததில்லையா?"
இல்லை. அம்மா தந்தது, அல்லது அப்பா.
அவர்களுக்கு அவர்களைப் பெற்றவர்கள்.
படகுக்கும் பாறைப்பெயருக்கும் முன்னால்,
பேச்சுக்கே முன்னால்.
"அப்படியானால் பன்றி?"
"பன்றிமேல் வழக்கு தனியாக நடக்கிறது" என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
பழி சொல்ல ஆள் தேடி வந்தவள்
கைப்பையை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள்.

போகும்போது கதவருகில் அவர் நின்றார்.
"மற்ற முப்பத்து மூன்று?"
"ஒன்றும் செய்யவில்லை, எனக்குத் தெரிந்தவரை."
"அவற்றையும் சேர்த்துத்தானே அறுத்தார்கள்."
மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்,
பதிலுக்கு நிற்கவில்லை.

இரவு, கடலளவு உப்பிட்டு
ஒரே கொதி.
நகத்தால் கிள்ளி, முறுக்கி, உரித்துத் தின்றேன்.
என் குழிகளில் ஒன்றிலும் இந்நேரம்
ஏதோ ஒன்று பூட்டை அசைத்துப் பார்க்கலாம்.
தெரியப்போவதில்லை.
இருந்தாலும் நாள்காட்டியில் குறித்துவைத்தேன்:
மார்ச் ஒன்பது, மழை.
முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன்.
வலி இல்லை.