இரண்டரை மில்லி

துபாயிலிருந்து வந்த போர்வைக்குள்
யாரோ தூங்குவதுபோல் கிடந்தது பிரேம்.
சுங்கத்தில் தெக்லாய் சொன்னானாம்:
"கட்டில் கால்கள்."
அதிகாரி சிரித்தாராம். அஸ்மராவில்
சைக்கிள் தெரியாத அதிகாரி யார்?

சாம்பல் பச்சை. சக்கரம் இல்லை, சங்கிலி இல்லை,
பெயர்கூட இல்லை.
தலைகீழாய் மேசைமேல் சாய்த்து
பெடல் அச்சு நுழையும் துளையில் கண் வைத்தேன்.
அந்தப் பக்கம் என் சமையலறை வட்டமாய்த் தெரிந்தது,
அடுப்பில் பொங்கி வழியும் ஷீரோவும்.

நான் பல் செய்கிறவள்.
பொய்ப்பல், பாலம், கிரீடம்.
ஒரு மில்லியைப் பத்தாய் நறுக்கி
அதில் ஒன்றுக்காக
ஒரு முழுப் பகலைத் தேய்த்துத் தீர்ப்பவள்.
எனக்கென்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன்.

மெதெபெர் சந்தையில்
எண்ணெய் டின்கள் அடுப்பாகிற இரைச்சலுக்கு நடுவே
பேரம் பேசி வாங்கிய அச்சு
வாய்க்குள்ளேயே போகவில்லை.
இத்தாலிக்காரர்கள் அளவு.
இந்த ஊரில் பாதிச் சாமான்
இன்னும் அவர்கள் அளவுதான்.
என் பிரேமோ இங்கிலாந்து மரை.

நாற்பத்தொரு நாள் காத்திருந்தேன்.
அதற்குள் கைப்பிடித் தண்டின் கிண்ணங்களை
நீள போல்ட் ஒன்று, வாஷர் இரண்டு,
கொஞ்சம் கெட்ட வார்த்தை
எல்லாம் சேர்த்து அழுத்தி இறக்கினேன்.
ஃபோர்க் குழாயை வெட்டச் சொன்னார்கள்.
வெட்டவில்லை.
நாளைக்கு என் முதுகு என்ன சொல்லுமோ,
வளையங்கள் மூன்று அடியில் இருக்கட்டும்.

சரியான அச்சு வந்தது, யாருடைய சாக்ஸுக்குள்ளோ சுருண்டு.
இடப்பக்கக் கிண்ணம் வலம்புரி.
வலப்பக்கம் இடம்புரி.
இறுக்க வேண்டுமானால் தளர்த்தும் திசையில் திருப்பு.
மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.
மூன்று முறை கை மறுத்தது.
நான்காம் முறை ஸ்பேனரைத் தள்ளிவைத்து
நுனிவிரலால் உருட்ட,
கவ்வியது.
வெண்ணெயில் கத்தி என்பார்கள். இல்லை.
புதுப் பல்வரிசை பொருந்தியவர்
கண்ணாடி முன் நின்று
பயந்து பயந்து சொல்லிப்பார்க்கும் முதல் 'ஸ'.

சீட் தண்டு தொளதொளத்தது.
பியர் டின்னைக் கத்தரித்து இரண்டு சுற்று.
பிரேக் கட்டை எங்கே படுகிறது?
லேபிலிருந்து கடிதாள் கொண்டுவந்தேன்,
ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்து அழுத்தினேன்.
பின்னோரம் மட்டும் நீலம்.
ஒரு மயிரிழை திருப்பினேன். இப்போது முன்னோரம்.
அப்படித்தான் வேண்டும், கீச்சிடாமல் இருக்க.

பிறகு கிராங்க்.

வலது என்னுடையது. நூற்றெழுபது.
என் இடதில் மரை எப்போதோ உதிர்ந்துவிட்டது.
மிஹ்ரெத் ஊரைவிட்டுப் போகுமுன்
என்னிடம் தள்ளிவிட்ட பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஒரே ஒரு இடது. நூற்று எழுபத்திரண்டரை.
அவள் நெட்டைக்காலி.
மால்மோவில் இப்போது பஸ்ஸில் போகிறாள்.

இரண்டரை மில்லி.
வாயென்றால் உதடு மூடாது.
மறுநாளே திரும்பி வந்து மேசையில் வீசுவார்கள்.
ஜோடி வேண்டும் என்று எழுதினால்
தெக்லாய் கொண்டுவருவான்,
அடுத்த முறை. அல்லது அதற்கடுத்து.

கிரீஸ் தடவினேன். மாட்டினேன்.

விடியலில் நெஃபாசித் பாதையில் இறங்கினேன்.
மேகம் எனக்குக் கீழே கிடந்தது.
இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை,
இறக்கத்தில் எவருக்குத்தான் என்ன தெரியும்.
திரும்பி ஏறும்போதுதான்
ஒவ்வொரு சுற்றிலும் இடது பாதம்
கொஞ்சம் கூடுதலாய்க் கீழே போய்
எதையோ தொட்டுவிட்டு மேலே வந்தது.

மூன்றாம் வளைவுவரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினோராம் வளைவில்
ஆட்டுமந்தைக்கு ஒதுங்கி நின்றபோது
எண்ணாமலே வந்திருப்பது தெரிந்தது.

இரவு போனில் கேட்டாள், எப்படி ஓடுகிறது?
"உன் கால் நீளம்" என்றேன்.
அந்தப் பக்கம்
பஸ் கதவு திறக்கும் சத்தம்,
வெகுநேரம் மூடவில்லை.