அரிசியளவு ஜெமால்

கிரேன் அறையிலிருந்து நழுவிய போன்
இருபத்திரண்டு மீட்டர் கீழே
பழைய இரும்புக் குவியலில் போய்ச் சேர்ந்தது.
இரும்போடு இரும்பு.
ஜெமாலின் பிரிவு விருந்துக்கு
இன்னும் நான்கு நாள்.
பாதி வெட்டி ஒட்டிய படம்
கிளவுடில் பத்திரம் என்றார்கள்.
திறக்கிற செயலியோ
போனைத் தவிர எதிலும் கால் வைக்காதாம்.

“கணினிக்குள் ஒரு போன் வைத்துவிடலாம்”
என்றான் எதிர்வீட்டுக் கோச்சா.
பத்தொன்பது வயது. இரவெல்லாம்
அதில்தான் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான்.
மூடிப்போன லாட்டரிக் கடையில்
எடைக்கு வாங்கிய பெட்டி அது.
முதலில் முரண்டியது.
அணைத்தான், எழுப்பினான்,
நீலத்திரையில் எங்கோ ஒரு ‘இல்லை’யை
‘ஆம்’ ஆக்கினான்.
அகன்ற திரையின் நடுவே
ஒரு போன் வந்து நின்றது,
இருபுறமும் இருட்டோடு
லிப்டில் தனியாக ஏறியவர் போல.

நல்ல போன்.
சார்ஜ் நூறிலிருந்து இறங்குவதே இல்லை.
யாரும் அழைப்பதில்லை.
எங்கே இருக்கிறாய் என்று கேட்டால்
ஏதோ கடற்கரை ஊரைச் சொல்கிறது,
ருஸ்தாவியில், ஏழாம் மாடியில்,
வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
உட்கார்ந்துகொண்டு.

விரல்தான் தொல்லை.
மவுஸுக்கு ஒன்றே ஒன்று.
காட்சியைக் கிள்ளி விரிக்க இரண்டு வேண்டாமா?
“கண்ட்ரோலை அழுத்திப் பிடியுங்கள், லமாரா.”
பிடித்தேன்.
எதிர்மூலையில் இன்னொரு புள்ளி முளைத்தது.
நான் மேலே போனால் அது கீழே போகிறது,
நான் விலகினால் அதுவும் விலகுகிறது.
இவ்வளவு சீக்கிரம் கை பழகிவிட்டதே
என்று கோச்சாவுக்கு வியப்பு.
பதினாறு வருடமாக
எதிர்எடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
பிழைக்கிறவள் நான்.

அந்தக் காட்சிக்கு வந்தேன்.
மாலை. முற்றம் முழுக்கச் செம்பு.
ஒரு கையில் லீவர், ஒரு கையில் போன்
(ஃபோர்மன் இதைப் படிக்க மாட்டார்).
கீழே அரிசியளவு ஜெமால்
எனக்குக் கையாட்டுகிறார்.
அவர் தலைக்கு மேல்
துடிக்கிற சிவப்பு இதயம் ஒன்றை
நானே ஒட்டியிருந்தேன்.

போனில் அரிசி.
இங்கே கட்டைவிரல்.
இன்னும் விரித்தேன்.
இரண்டு கையும் பக்கவாட்டில் நீண்டு
உள்ளங்கை தரையைப் பார்த்து
வீசுகின்றன, வீசுகின்றன.

எங்கள் முற்றத்தில் அதற்கு
வணக்கம் என்று பொருளில்லை.
நில். உடனே நில்.

இடது ஓரத்தில்
காந்தத்தின் நிழல் அவரை நோக்கி நீள்கிறது.
நான்கு வினாடி.
அவர் ஒதுங்குகிறார். ஹெல்மெட்டைக் கழற்றி
தலையைத் துடைக்கிறார்.
அண்ணாந்து பார்க்கிறார், என்னை.
கேமராவோ அதற்குள்
சூரியனிடம் போய்விட்டது.

அன்று கேன்டீனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.
உப்பு கேட்டார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

“அழகா இருக்கே, நிறம்,”
என்றான் கோச்சா, சிப்ஸ் மென்றபடி.

இதயத்தின் மேல் நீண்ட அழுத்தம்.
நீக்கவா என்றது. நீக்கினேன்.
அந்த இடத்தில் இசையை வெட்டினேன்.
காட்சியை வெட்டவில்லை.

விசிறி இரைந்தது, ஏதோ பாரம் தூக்குவதுபோல.
தொண்ணூற்றேழில் நின்று, யோசித்து, முடித்தது.
படம் போனுக்குள் இருந்தது,
போன் கணினிக்குள் இருந்தது.
ஒரே பெட்டியின் ஓர் அறையிலிருந்து
அடுத்த அறைக்கு அதைக் கடத்திவர
கோச்சாவுக்கு நள்ளிரவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை. சுண்ணாம்புச் சுவர்.
இரவல் புரொஜெக்டர்.
சத்தமில்லாத நான்கு வினாடியில்
யாரோ ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்கள்.
ஜெமால் மட்டும்
ரொட்டி மெல்வதை நிறுத்தினார்.

பிறகு எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க,
என் கோப்பையில் ஒயினைச் சாய்த்தபடி
என்னைப் பார்க்காமல் கேட்டார்:
“எந்தத் திரையில் பார்த்தாய்?”

“பெரியதில்,” என்றேன்.

வழியும்வரை ஊற்றினார்.