ஈரக் குறைவு

திரியெஸ்தே துறைமுகத்தில் ஏழாம் எண் கிடங்கு.
இருபத்தொன்பது வருடமாக அங்கே எடை போடுகிறேன்,
கடல் தாண்டி வரும் பச்சைக் காப்பிக்கொட்டை,
மூட்டை அறுபது கிலோ.
பெயர் ஒண்டினா.
தராசு முள்ளை நம்புவதற்குத்தான் சம்பளம்.
எப்போது நம்பக்கூடாது என்பதை
நானாகக் கற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் நேவியா
ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.
ஏழு நாள், இருபத்தெட்டுப் பாட்டில்.
பச்சை, அதைவிடப் பச்சை, பீட்ரூட் சிவப்பு,
இரவுக்கென்று சாம்பல் நிறத்தில் ஒன்று.
உடம்பிலுள்ள நஞ்செல்லாம் இறங்கிவிடும் என்று
பெட்டிமேல் ஒரு மெலிந்த பெண் சிரித்தாள்.
விலை, என் மின்கட்டணமும் ஒரு ஜோடிச் செருப்பும்.

"எந்த நஞ்சு?"
நேவியா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எங்கள் கிடங்கில் பூஞ்சை பிடித்தால்கூட
அதன் பெயரை எழுதிவிட்டுத்தான் மூட்டையைத் தள்ளுவோம்.
இதில் பெயர் இல்லை.
இருந்தும் வாங்கினேன்.

வெயில் வந்துகொண்டிருந்தது.
நான் குளிக்கும் கடற்கரையில்
நடுவே ஒரு வெள்ளைச் சுவர்,
அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள்.
யாருக்காகவும் வயிற்றை எக்கத் தேவையில்லாத பக்கம்.
பிறகு யாருக்காக இந்தப் பாட்டில்?
என்னையே கேட்டுப் பார்த்தேன்.
பாட்டிலின் மூடிதான் திறந்தது.

முதல் நாள் பெருமை.
இரண்டாம் நாள் மண்டை பிளந்தது.
நஞ்சு வெளியேறுகிறது என்றது துண்டுச்சீட்டு.
காப்பி வெளியேறுகிறது என்றான் லிவியோ.
கூரைவரை காப்பி அடுக்கிய கிடங்கில்
எனக்கு மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது.
நான்காம் நாள் போரா வீசியது,
குப்பைத்தொட்டிகளை உருட்டும் எங்கள் ஊர்க் காற்று.
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது
ஊதினால் பறந்துவிடுவேன் என்று
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.
அன்றைக்குத்தான் பதினான்கு மூட்டையைப்
பதினைந்து என்று எழுதினேன்.

ஏழாம் நாள் மாலை, எல்லோரும் போன பின்
செருப்பைக் கழற்றிவிட்டு
மூட்டைத் தராசில் ஏறினேன்.
மூன்று கிலோ இருநூறு கிராம்
காணோம்!
கையைத் தட்டப் போனேன்.
எதிரே பிப்ரவரியில் இறங்கிய மூட்டைகள்.
வந்தபோது அறுபது கிலோ நானூறு,
போரா காயவைத்த பின் ஐம்பத்தொன்பது எழுநூறு.
அதைத் திருட்டு என்று நான் எழுதியதில்லை.
எங்கள் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு:
ஈரக் குறைவு.
கொட்டை ஒன்றுகூடக் குறைந்திருக்காது.
வெறுங்காலோடு தராசில் நின்றபடி
என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
எனக்கே தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஜோட்டா வைத்தேன்,
பீன்ஸ், புளித்த முட்டைக்கோஸ், பன்றி விலா.
இரண்டு கிண்ணம். தொட்டுக்கொள்ள ரொட்டி.
உடம்பு உப்பைப் பிடித்துக்கொண்டது,
உப்பு தண்ணீரைக் கூப்பிட்டது,
வியாழக்கிழமைக்குள்
இரண்டு கிலோ எண்ணூறு வீடு திரும்பியது.
பழைய குருடி, கதவைத் திறடி.

மிச்சம் நானூறு கிராம்.
அது கொழுப்பாக இருக்கலாம்.
தோள் சதையாகவும் இருக்கலாம்,
திங்கட்கிழமை மூட்டையைச் சாய்க்கும்போது
கை லேசாக நடுங்கியது.

ராத்திரி படுத்துக்கொண்டு கல்லீரலை நினைத்தேன்.
ஐம்பத்து நான்கு வருடம்
பகலும் இரவும் ஒரே ஷிப்ட்.
நான் குடித்த கிராப்பாவுக்கெல்லாம்
கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டது அதுதான்.
புகழெல்லாம் பீட்ரூட்டுக்கு.

இப்போது மாலையில் பேருந்தை விட்டுவிட்டு
கலங்கரை விளக்கம் வரை நடக்கிறேன்.
அது எத்தனை கிராம் என்று
இன்னும் எடை போடவில்லை.
மாதக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது,
அல்லது ஆகாமலும் போகலாம்.
சுவருக்கு இந்தப் பக்கம் கடல் நன்றாகத்தான் இருக்கிறது,
மிதப்பவளிடம் அது எடை கேட்பதில்லை.

காலிப் பாட்டில்கள் வீணாகவில்லை.
மாதிரிக்கொட்டை போட்டு வைக்கிறோம்.
ஒவ்வொன்றிலும் தேதியும் ஈரத்தின் அளவும்
லிவியோ எழுதி ஒட்டுகிறான்.
நேவியா செப்டம்பருக்கென்று
பத்து நாள் பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம்.
வாங்கச் சொல் என்கிறான் லிவியோ,
இன்னும் பன்னிரண்டு பாட்டில் குறைகிறது.